பந்திக்கு வந்த சப்பான் எழுத்துகள்

தேரிவிளையில் மணல்கூட ஒரு இடத்தில் நில்லாது. ஆடிக்காற்று அடித்தால் இன்றைக்குக் கிழக்கே நின்ற மேடு நாளைக்கு மேற்கே போய்ப் படுத்துக்கொள்ளும், பனைமரம் இடுப்புவரை புதைந்து நிற்கும், போன வருஷம் தொலைந்த செருப்பு இந்த வருஷம் தானாக வெளியே வந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் லிங்கத்துரை அண்ணாச்சியின் நிலாவாரைக் கிட்டங்கியில் சப்பான் எழுத்துகள் மிஷினை விட்டு இறங்கிவந்து பந்தியில் உட்கார்ந்தன என்று சொன்னபோது, ஊர்க்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி, "சோறு பத்துச்சா?" என்பதுதான்.

நிலாவாரை என்பது வயிறு கட்டிக்கொண்டவர்களுக்கு வழி திறந்துவிடுகிற இலை. செம்மண்ணில் மழை பொய்த்தாலும் பொய்க்காமல் முளைக்கும். அதைப் பறித்து, காயவைத்து, புடைத்து, மூட்டை கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றிச் சப்பானுக்கு அனுப்புவதுதான் அந்தக் கிட்டங்கியின் தொழில். "நம்ம இலை மட்டும் ஒரு மாசம் போகலன்னு வையி, அந்த நாடே இறுகிப் போயிரும்" என்று இலை புடைக்கிற ஜெபக்கனி சொல்லுவாள். அவள் வாயில் சுளகைவிட வேகமாகப் பேச்சு புடைபடும்.

மூட்டைமேல் ஒட்டுகிற சீட்டில் இன்ன இலை, இன்ன காடு, இன்ன பருவம் என்று சப்பான் எழுத்தில் இருக்க வேண்டும். காட்டிலிருந்து மூட்டை வந்த நேரம் முதல் கப்பல் ஏறுகிற நேரம் வரைக்கும் எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடி அறைக்குள் இருந்தது. அதோடு கட்டிப்போட்ட பிரிண்டர் கிர்ர்ர் கிர்ர்ர் என்று சீட்டைத் துப்பும். அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஆவுடைத்தங்கம். புருஷன் கடலில் போய்த் திரும்பாததால் கிட்டங்கிக்கு வந்தவள், முதலில் இலை பொறுக்கினாள், பிறகு தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து மூட்டையில் மை அடித்தாள், மிஷின் வந்தபோது "மை அடிச்ச கைதான, நீயே இதையும் பாரு" என்று அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள் தள்ளிவிட்டார். அந்த அறையில் மின்விசிறி உண்டு, இலைத்தூசி கிடையாது. இருமல் நின்றது அங்கே போன பிறகுதான். அதனால் அந்த நாற்காலி அவளுக்கு நாற்காலி இல்லை, மூச்சு.

மிஷினோடு வந்த சப்பான் எழுத்துகள் எல்லாம் குறைப்பிள்ளைகள். ஒன்றுக்கு மேல்கூரை இல்லை, ஒன்றுக்கு இடுப்புக்கட்டு இல்லை, ஒன்றுக்கு வைக்க வேண்டிய புள்ளி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. இரண்டு காலில் நிற்க வேண்டிய ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. அதற்கு ஆவுடைத்தங்கம் ஒத்தக்காலன் என்று பேர் வைத்திருந்தாள், சீட்டில் அது வருகிறபோதெல்லாம் "விழுந்துராத" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். சப்பான்காரர்கள் வெகுகாலம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பொறுமை தீர்ந்து, பழுதெல்லாம் பார்த்துத் திருத்திய எழுத்துகளை ஒரு சுண்டுவிரல் தண்டிக் குச்சிக்குள் அடைத்து, பட்டுத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பிவிட்டார்கள்.

குச்சியைச் செருகித் திருத்தின எழுத்துகளை உள்ளே ஏற்ற தூத்துக்குடியிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் துரைசிங்கம் வந்தான். சட்டென்று முடிந்துவிட்டது வேலை.

"யக்கா, பழைய ஃபாண்டை எடுத்துரவான்னு கேக்குது. அமுக்கிரட்டா?" என்றான்.

"இருடே" என்றாள் ஆவுடைத்தங்கம்.

அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும், வயசாகிப் போகிறவர், கல்யாணமாகிப் போகிறவள், அண்ணாச்சி கோபத்தில் போகச் சொன்ன ஆள் என்று யாராக இருந்தாலும், வாழையிலை போட்டுச் சாப்பிடாமல் வாசல் தாண்டக்கூடாது. மூட்டை திருடிய காவல்காரனைப் பிடித்த அன்றைக்குக்கூடப் போலீஸ் வருகிறவரை அவனை உட்காரவைத்துப் பாயாசம் ஊற்றினார்கள். போலீசும் வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் விலங்கு போட்டார்.

"இத்தன வருசம் உழைச்சதுக. கையில்லாம காலில்லாம உழைச்சதுக. வெறும் வயித்தோடயா அனுப்புறது?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"யக்கா, இது சாஃப்ட்வேரு!"

"எதுவா இருந்தா என்ன, வேலை பாத்துச்சுல்லா?"

துரைசிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். ஜெபக்கனியும் மற்றப் பெண்களும் சிரித்துக்கொண்டே நீளமாக ஒரு இலை கொண்டுவந்து பிரிண்டருக்கு முன்னால் விரித்தார்கள், அன்றைக்கு ஆளுக்கு ஆள் கொண்டுவந்திருந்த தூக்குவாளிகளைத் திறந்து சோறும் பருப்பும் அவியலும் ஒரு துண்டு கருவாடும் வைத்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். "சாப்பிடுங்க" என்று ஆவுடைத்தங்கம் கும்பிட்டாள். துரைசிங்கம் பொத்தானை அமுக்கினான்.

தாள் இல்லாத பிரிண்டர் கிர்ர்ர் என்றது. வாய்வழியாகக் கட்டெறும்பு நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், ஒவ்வொன்றாக எழுத்துகள் இறங்கின. மேலிருந்து கீழாகத்தான் இறங்கின, அதுதான் அவற்றின் நடை. நொண்டுவது நொண்டியது, கூரை இல்லாதது தலையைத் தடவிக்கொண்டது, இடுப்பில்லாதது பக்கத்திலிருந்ததைப் பிடித்துக்கொண்டு வந்தது. இலையைச் சுற்றி உட்கார்ந்து அடக்கமாகச் சாப்பிட்டன. கருவாட்டை மட்டும் முதலில் மோந்து பார்த்தன. பிறகு அதுதான் முதலில் தீர்ந்தது.

"ஏளா, நமக்கு?" என்றாள் ஒருத்தி, காலி வாளியைக் கவிழ்த்துப் பார்த்து.

"பந்தியில உக்காந்துட்டாவ, எழுப்பவா முடியும்?" என்றாள் ஜெபக்கனி.

துரைசிங்கம் கூலிகூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டான்.

சாப்பிட்டு எழுந்தால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சாப்பாடு போட்ட வீட்டை விட்டு யார் போவார்கள்? வெளியே போனால் செம்மணல், அதற்கப்புறம் கடல். அவை கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தன. பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தன: மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தன. சீட்டில் புது மாப்பிள்ளை போல விறைத்துக்கொண்டு நின்ற திருத்தின எழுத்துகளை நெருக்கித் தள்ளி, பஸ்ஸில் துண்டு போட்டவன் மாதிரி இடம்பிடித்துக்கொண்டன. ஈரத்துணியால் துடைத்து இறக்கினால் கூச்சப்பட்டு இறங்கும், மறுநாள் கதவு திறக்கையில் திரும்ப மூட்டைமேல் இருக்கும், "வேலைக்கு வந்துட்டோம்ல" என்கிற முகத்தோடு.

இந்த நேரம் பார்த்துச் சப்பானிலிருந்து செய்தி வந்தது. மூட்டைகளைப் பார்க்க மொரிகாவா என்கிற பெரியவர் நேரிலேயே வருகிறார், வருகிற மாசம் கப்பலுக்கு முன்னால் வருகிறார்.

லிங்கத்துரை அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், ஆனால் பயம் வந்தால் குரல் தடித்துவிடும். கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏ ஆவுடை, அந்த மனுசன் வாரப்போ மூட்டைமேல ஒரு கோணக்காலு தெரிஞ்சாலும் ஆர்டரு போச்சு. ஆர்டரு போனா கிட்டங்கி போச்சு. நீதான சோறு போட்ட? நீயே வழிபண்ணு. இல்லைன்னா மிஷினுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன். அடுத்த இலை உனக்குத்தான்."

அவர் போன பிறகு ஆவுடைத்தங்கம் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைபோல எழும்புகிற இலைத்தூசியைப் பார்த்தாள், ஒருதரம் இருமிப் பார்த்துக்கொண்டாள். மேஜைமேல் ஒத்தக்காலன் தண்ணீர்ச் செம்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"ஒன்னால எனக்குக் கேடு" என்றாள் அதைப் பார்த்து. அது செம்பை விட்டு நகர்ந்து, சாய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், அவள் முழங்கையில் சாய்ந்துகொண்டது.

வழி சொன்னவள் ஜெபக்கனி. "மைனி, எங்க வீட்டுல என் கொழுந்தன் இப்படித்தான் வேலையில்லாம எந்நேரமும் அடுப்படியிலயே உக்காந்து கெடந்தான். வையிததுல பிரயோசனம் இல்ல. வேற வேலை பாத்துக் குடுத்தா தன்னால எந்திச்சுப் போவான். இதுகளுக்கும் வேலை பாத்துக் குடு."

அப்படியாகத்தான் தேரிவிளை ஊர் முழுக்க எழுத்துகளுக்கு வேலை தேடினார்கள். முதலில் கொக்கி மாதிரி வளைந்த ஒன்றைச் சவரக்கடை ஈசாக்கு கேட்டு வாங்கிப்போய்ச் சுவரில் நிறுத்தி அதில் கத்தரியை மாட்டினார், அது அன்றிலிருந்து வருகிறவர்களின் கிருதா இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தது. மூன்று காலோடு அகலமாக இருந்த ஒன்று டீக்கடையில் முக்காலி ஆனது. உட்கார்ந்தவர் கனத்தால் அதற்கு அடிக்கடி மூச்சு முட்டும், அப்போது லேசாக ஒரு பக்கம் சரியும், டீ குடிக்கிறவரும் சேர்ந்து சரிந்து குடிப்பார், ஊரில் எல்லோரும் சரிந்து டீ குடிக்கப் பழகிவிட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு நிறைந்த பெரிய எழுத்துகளைப் பெண்கள் கொல்லைக்குக் கொண்டுபோய் பீர்க்கங்கொடிக்குப் பந்தலாக நட்டார்கள். அந்த வருஷம் பீர்க்கங்காய்கள் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் காய்த்தன. புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்தி சின்னதாக இரட்டையாக இருந்த இரண்டைக் காதில் மாட்டிக்கொண்டாள், மாமியார்க்காரி வைகிறபோதெல்லாம் அவை அவள் காதை அடைத்துக்கொண்டதால் அந்த வீட்டில் சண்டையே இல்லாமல் போயிற்று, மாமியாரும் தனக்கு ஒரு ஜோடி கேட்டு கிட்டங்கிக்கு வந்து நின்றாள்.

கெட்டதும் நடக்காமல் இல்லை. வெள்ளாடு ஒன்று காயவைத்திருந்த இலையோடு ஒரு சின்னப் புள்ளி எழுத்தையும் தின்றுவிட்டது. கொஞ்ச நாளைக்கு அதன் புழுக்கை நெட்டாக வரிசை வரிசையாக விழுந்தது, படிக்கத்தான் ஆளில்லை. பிறகு அந்தப் புள்ளி எப்படி வெளியே வந்ததோ, குளித்துவிட்டு வந்ததுபோலச் சுத்தமாகக் கிட்டங்கி வாசலில் நின்றது. தேர்தல் நேரமாக இருந்ததால் இரண்டு எழுத்துகள் ஒரு கட்சிச் சுவரில் ஏறி நின்றன. எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, "எங்களுக்கும் ரெண்டு வேணும், என்ன எழுதியிருக்குன்னு தெரியாட்டியும் பரவால்ல, இருக்கதும் அப்படித்தான இருக்கு" என்று சண்டை பிடித்தார்கள்.

பெரிய வழக்கு கோயில்கொடைக்குத்தான் வந்தது. குடும்பத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிற கூட்டத்தில், ஊரில் குடியிருந்து ஊர்ச்சோறு தின்கிற எழுத்துகளும் வரிகொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். கூரையில்லாத எழுத்தைக் கையில் தூக்கிக் காட்டி, "இதுக்குத் தலையே இல்ல, இதுல எங்க தலைக்கட்டு?" என்றார் ஈசாக்கு. இடையில் வேதக்கோயில் போதகரான சபை ஐயரும் வந்து, எழுத்துகளில் ஒன்று சிலுவை மாதிரியே இருக்கிறது, அதனால் அந்தக் குடும்பம் மொத்தமும் சபையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றார். "அது சிலுவையில்ல ஐயரே, பத்துன்னு அர்த்தமாம், மிஷின்ல ஏத்துதப்போ மெக்கானிக்கு சொன்னான்" என்றாள் ஜெபக்கனி. கடைசியில் வரியும் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம், கொடையன்றைக்குச் சப்பரம் தூக்கவும் கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டவும் வந்தால் போதும் என்று தீர்த்துவிட்டார்கள். எழுத்துகள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. முடிந்ததும் எல்லாம் சேர்ந்தாற்போல் ஒருதரம் குனிந்து நிமிர்ந்தன.

இப்படி ஒவ்வொன்றாக மூட்டையை மறந்தன. புது வேலையில் நெஞ்சு நிமிர்ந்து நின்றன. கிட்டங்கியில் மூட்டைகள் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாயின. திருத்தின எழுத்துகள் மட்டும் பளிச்சென்று ஆடாமல் அசையாமல் நின்றன. லிங்கத்துரை அண்ணாச்சி அறையை எட்டிப் பார்த்து, ஒரு பொட்டலம் சீவல் வைத்துவிட்டுப் போனார்.

வேலை கிடைக்காதது ஒத்தக்காலன் மட்டும்தான். கொக்கியாக மாட்டினால் சறுக்கும், பந்தலாக நட்டால் சாயும், முக்காலியாக வைத்தால் உட்கார்ந்தவர் தரையில் கிடப்பார். எந்த வீட்டுக்குக் கொண்டுபோனாலும் "மதினி, இது பாவமா இருக்கு, வேலைக்கு வைக்க மனசு வரல" என்று திருப்பித் தந்தார்கள். ஆவுடைத்தங்கம் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி அறையில் அவள் வேலை பார்க்கிறபோது சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும், அவள் சாப்பிடுகிறபோது கூடச் சாப்பிடும். புருஷன் போன நாளிலிருந்து அவள் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அதனால் ஒரு கை சோறு கூடவே வடித்தாள்.

மொரிகாவா வந்து இறங்கினார். மெலிந்த ஆள், நரைத்த முடி, வெயிலில் உருகாத ஒரு கோட்டு. கிட்டங்கி மொத்தமும் வாசலில் நின்றது. அண்ணாச்சி மாலையோடு முன்னே போனார். வந்தவர் குனிந்து வணங்கி, வாயைத் திறந்து, "அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தங்கள் ஊர் மணல் மிக்க அழகுடைத்து" என்றார்.



"சப்பான்லயா பேசுதாரு?" என்றாள் ஒரு கிழவி.

"தமிழ்தான் பாட்டி. மதுரையில காலேஜுல படிச்சாராம்" என்றார் அண்ணாச்சி.

"நல்லா இருக்கு. நமக்குத்தான் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லணும்" என்றாள் ஜெபக்கனி.

வாசலுக்கு அவர் டீக்கடை வழியாகத்தான் வந்திருந்தார், முக்காலி அவரைப் பார்த்ததும் பெஞ்சுக்குக் கீழே நகர்ந்துகொண்டது. ஈசாக்கு கத்தரியை எடுத்துவிட்டுச் சுவரில் காலண்டரை இழுத்து மாட்டினார். மருமகள் முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். ஊரே ஒரு பெரிய திருட்டுப் பூனையாகி, பால் குடிக்காத முகத்தோடு நின்றது. ஒத்தக்காலனை ஆவுடைத்தங்கம் தூக்குவாளிக்குள் வைத்து மூடி, "மூச்சு விடாத, ஒரு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மொரிகாவா பையிலிருந்து கண்ணாடிபோன்ற ஒரு தாளை எடுத்தார். அதில் எழுத்துகள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அச்சாகியிருந்தன. ஒவ்வொரு மூட்டையாகப் போய்ச் சீட்டின்மேல் அந்தத் தாளை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அடுத்தது. பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. கிட்டங்கியில் இலை உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது. அண்ணாச்சியின் முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசி அடுக்கில் நடு மூட்டைக்கு வந்தபோது மொரிகாவாவின் கை நின்றது.

சீட்டில் ஒத்தக்காலன் நின்றுகொண்டிருந்தது. திருத்தின எழுத்து கொஞ்சம் நகர்ந்து இடம்கொடுத்திருந்தது. எல்லோரும் வேலை பார்க்கிறார்கள், தான் மட்டும் வாளிக்குள் கிடப்பதா என்று நினைத்ததோ என்னவோ, ஒற்றைக்காலை ஊன்றி, முடிந்த மட்டும் நிமிர்ந்து, மற்றவர்களைப்போலவே நின்றது.

அண்ணாச்சி ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார், கண்ணால் அதட்டினார், பிறகு தொண்டையைச் செருமி, "மிஷினு கோளாறுங்க. புது ஃபாண்டு ஏத்தினதுல ஏதோ மிச்சம் இருந்திருக்கு. என்ன ஆவுடை? மிஷினுதான?" என்றார்.

ஆமாம் என்றால் போதும். மிஷினுக்கு வாயில்லை, பழியைச் சுமந்துகொள்ளும். ஒரு ஈரத்துணியை எடுத்து, "அழுக்குங்க" என்று அழுத்தித் துடைத்தாலும் முடிந்தது. ஆவுடைத்தங்கத்துக்கு மின்விசிறி ஞாபகம் வந்தது, தூசி ஞாபகம் வந்தது, மார்பில் பழைய இருமல் ஒரு தடவை புரண்டு படுத்தது. மூட்டைமேல் நின்றது அவளைப் பார்த்து, விழுந்துவிடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

அவள் போய், இடுப்புப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கித் தூசி தட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மிஷினு மேல குத்தமில்ல ஐயா. இது எங்கூட இருக்கது. வேலையில்லாத ஏக்கத்துல ஏறி நின்னுட்டு. வையிததா இருந்தா என்ன வையுங்க, அத வையாதீங்க."

அண்ணாச்சி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சு" என்றார் தனக்குத்தானே.

மொரிகாவா ஒத்தக்காலனையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அம்மையே, தங்களிடம் ஒன்று வினவலாமா?" என்றார்.

"கேளுங்க."

"இவை எதை உண்ணும்?"

அவர் கோட்டின் உள்பையில் கையைவிட்டு, மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே ஒரு எழுத்து கிடந்தது. ஒத்தக்காலனின் அச்சேதான், ஆனால் பழந்தாளில் மங்கின மை மாதிரி வெளுத்து, நூலாக மெலிந்து, கண்ணைத் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்தது.

"திருத்திய எழுத்துகளைத் தாங்கள் நிறுவிய அதே நாளில், எங்கள் நாட்டுக் கிடங்கில் அடுக்கியிருந்த பழைய மூட்டைகளிலிருந்து இவை எல்லாம் இறங்கிவிட்டன. எம் அலுவலகம் முழுதும் இருக்கின்றன. மேசைமேல், படிக்கட்டில், மின்தூக்கியில். எம்மவர் எவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. கண்டும் காணாததுபோல் இருக்கிறோம். அரிசி வைத்தோம், மீன் வைத்தோம், விலையுயர்ந்த மை கூட வைத்தோம். எதையும் உண்ணவில்லை. நான் மேலதிகாரியிடம் மூட்டை பார்க்கப் போகிறேன் என்று பொய்யுரைத்து வந்தேன். மூட்டைகளைப்பற்றி எனக்கு யாதொரு கவலையும் இல்லை."

"யாதொரு கவலையும் இல்லையாம்லா!" என்று அண்ணாச்சி மூட்டையிலிருந்து எழுந்தார்.

ஆவுடைத்தங்கம் கைக்குட்டையைப் பார்த்தாள். "ஏன் ஐயா, அங்க நீங்க சாப்புடுதப்போ இதுக எங்க இருக்கும்?"

"நாங்கள் அவரவர் மேசையில், அவரவர் பெட்டியில், கணினியைப் பார்த்தபடி உண்போம். இவற்றுக்குத் தனியே ஓர் ஓரத்தில் தட்டு வைப்போம்."

"தனியாவா?" என்றாள் ஜெபக்கனி, கொலைச்செய்தி கேட்டவள் மாதிரி நெஞ்சில் கைவைத்து. "தனியா வச்சா எங்க வீட்டு நாய்கூடத் திங்காதே ஐயா! இதென்ன, படிச்ச எழுத்துல்லா!"

அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை. கோட்டைக் கழற்ற வைத்து, கையைக் கழுவ வைத்து, தரையில் உட்கார வைத்தார்கள். தூக்குவாளிகள் எல்லாம் திறந்தன. மொரிகாவா பிசையத் தெரியாமல் பிசைந்து, பாதியைச் சட்டையிலும் பாதியை வாயிலும் போட்டார். மிளகாய் கடித்துக் கண்ணீர் விட்டார். பக்கத்தில் கைக்குட்டையில் கிடந்தது அசையவில்லை. ஒத்தக்காலன் ஆவுடைத்தங்கத்தின் தோளிலிருந்து இறங்கியது. நொண்டி நொண்டிப் போய் அதன் அருகே உட்கார்ந்தது. ஒரு பருக்கையை எடுத்துத் தின்றது. நிதானமாக, பசிக்கிறவர்கள் பார்க்கும்படியாக, இன்னொரு பருக்கையைத் தின்றது. மெலிந்தது ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றக் கண்ணையும் திறந்தது. ரசத்தில் ஒரு முனையை நனைத்து உறிஞ்சியபோது கறுப்பு மெதுமெதுவாக அதன் உடம்பில் ஏறியது.

மொரிகாவா சோற்றுக் கையோடு அழுதார். மிளகாய் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

டீக்கடை முக்காலி கிட்டங்கி வாசலில் வந்து நின்று பார்த்தது. ஈசாக்கின் கொக்கியும் வந்தது, காதிலிருந்து இறங்கிய ஜோடிகளும் வந்தன. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று ஊரும் வந்தது.

அவர் கிளம்புகிற அன்று சிக்கல் வந்தது. கைக்குட்டைக்காரன் ஒத்தக்காலனை விட்டு நகர மாட்டேன் என்றது. மொரிகாவா வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை அவர். ஆவுடைத்தங்கத்தின் முன்னால் குனிந்தார், நிமிரவில்லை.

அவள் கொஞ்சநேரம் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பின் அந்தப் பக்கத்தை ஒத்தக்காலன் பிடித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாரு" என்றாள் அதனிடம். "அங்க ஒரு ஆபீசு முழுக்கப் பட்டினி கெடக்காம். யாரும் யாரு கூடயும் உக்காந்து சாப்புட மாட்டாகளாம். ஒருத்தரு பக்கத்துல ஒருத்தரா போயி உக்காந்து சாப்புடணும். எழுத்து பக்கத்துலயும் உக்காரணும், ஆளு பக்கத்துலயும் உக்காரணும். நிக்க வேண்டிய வேலையே இல்ல, எல்லாம் உக்காந்து பாக்குற வேலை. ஒனக்குன்னே செஞ்ச வேலை. போறியா?"

அது தலைப்பை விடவில்லை. பிறகு விட்டது.

மொரிகாவா கோட்டின் மேல்பையில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார். ஒத்தக்காலனின் கால் மட்டும் வெளியே தொங்கியது, உள்ளே தள்ளினாலும் தொங்கியது. மூட்டைகள் மிக்க சரியாக இருக்கின்றன என்று எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்தாகப் போட்டுக்கொடுத்தார். அண்ணாச்சி ஆவுடைத்தங்கத்தின் அறைக்கு இரண்டாவதாக ஒரு மின்விசிறி மாட்டச் சொன்னார். கார் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் அன்றைக்குச் சாயந்திரம் பழக்கத்தில் ஒரு கை அரிசி கூடப் போட்டு வடித்துவிட்டு, "ஏளா ஜெபக்கனி, சாப்புட வாறியா?" என்று வேலிக்கு மேலே சத்தம் போட்டாள்.

விமானம் ஏறுகிற இடத்தில் ஆபீசர் ஒருவர் மொரிகாவாவை நிறுத்தி, பையில் தொங்குவது என்ன என்று கேட்டாராம். "எழுத்து" என்றாராம் அவர். படிக்கிற எழுத்தா, எழுதுகிற எழுத்தா என்று ஆபீசர் கேட்டாராம். "உண்ணும் எழுத்து" என்றாராம். ஆபீசர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு இட்லியை விண்டு பைக்குள் போட்டு, முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டாராம்.